புவியியல் களப்பணிக்கு மார்க் போடுவது எப்படி: மூன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை, பெங்களூர்ப் பள்ளிகளுக்கு

களப்பணி என்ற பெயரில் ஆசிரியர் மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு ஃபைல். பளபளப்பான அட்டை, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய படங்கள், யாரோ எழுதிய இரண்டு பக்க முன்னுரை. அந்த மாணவருக்குத் திசைகாட்டி பிடிக்கத் தெரியுமா, முப்பது பேரிடம் கேள்வி கேட்டது உண்மையா, எண்கள் எங்கிருந்து வந்தன என்பதில் ஒன்றுகூட அந்த ஃபைலைப் பார்த்துத் தெரியாது. ஆனாலும் மார்க் அதற்குத்தான் போகிறது. ஸ்டேஷனரி கடையில் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றுக்கு மார்க் போனால், வெயிலில் நின்று அளந்த குழந்தை தோற்றுப்போகிறது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது: களத்தில் முடிவெடுத்தது யார்? மூன்றாம் வகுப்பில் எல்லா முடிவும் ஆசிரியருடையது. குழந்தை பார்க்கிறது, வரைகிறது. ஏழாம் வகுப்பில் அளவிடும் பொறுப்பு மாணவருக்கு வருகிறது. பத்தாம் வகுப்பில் எங்கே, யாரை, எத்தனை பேரை என்று அவர் தேர்ந்தெடுக்கிறார். பிளஸ் டூவில் கேள்வியே அவருடையது. எந்த முடிவு மாணவர் கைக்கு மாறுகிறதோ அந்த இடத்தில் மார்க்கை வையுங்கள். ஆசிரியர் எடுத்த முடிவுக்கு மாணவருக்கு மார்க் கொடுக்காதீர்கள்.

உங்கள் வாரியம் என்ன கேட்கிறது

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 80 மார்க் எழுத்துத் தேர்வு, 20 மார்க் உள் மதிப்பீடு. அந்த 20-இல் போர்ட்ஃபோலியோவுக்கு 5, பாடச் செழுமைச் செயல்பாட்டுக்கு 5. களப்பணிக்கு இயல்பான இடம் இந்த இரண்டும்தான். பன்னிரண்டாம் வகுப்பு புவியியலில் 70 எழுத்து, 30 செய்முறை. செய்முறையின் எடை தரவு தொகுத்தல், கணக்கிடல், வரைபடமாக்கல் ஆகியவற்றில் இருக்கிறது. ஆகவே களத்தில் சொந்தமாகத் திரட்டிய தரவை வைத்தே ரெக்கார்ட் நோட்டின் பயிற்சிகளைச் செய்ய வைத்தால் ஒரே உழைப்பு இரண்டு இடத்தில் உதவும்.

ஐ.சி.எஸ்.இ. புவியியலும் 80-க்கும் 20-க்கும் பிரிகிறது. உள் மதிப்பீட்டை வகுப்பு ஆசிரியரும், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத இன்னொரு ஆசிரியரும் தனித்தனியாகப் போட வேண்டும். இது நல்ல விதி. மற்ற வாரியப் பள்ளிகளும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே தரைப்பட (நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் டோபோ ஷீட்) வாசிப்பு முக்கியம், ஆனால் தேர்வுக்கு வரும் ஷீட்டுகள் ராஜஸ்தான்–குஜராத் எல்லைப் பகுதியைக் காட்டுபவை. சொந்த ஊர் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறையாவது தெருவில் நின்றவருக்குத்தான் அந்தச் சமஉயரக் கோடுகள் உயிரோடு தெரியும். பெங்களூருக்கு இந்திய நில அளவைத் துறையின் 57 ஜி/12, 57 எச்/9 ஷீட்டுகளைப் பாருங்கள்.

கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. (2026 தேர்வு வரையிலான பாடத்திட்டம்) பள்ளி விரும்பினால் களப்பணி அறிக்கை, இல்லையென்றால் அதற்கு மாற்றாக ஒரு எழுத்துத் தாள் என்று வைத்திருக்கிறது. எதை எடுத்தாலும் எடை 27.5 விழுக்காடு. அறிக்கைக்கு மொத்தம் 60 மார்க். புரிதல், திரட்டல், வரைபடமாக்கல், பகுப்பாய்வு, முடிவும் மதிப்பீடும் என்று ஐந்துக்கும் சரிசமமாக 12. ஐ.பி. டிப்ளமோவில் 2,500 சொல் அறிக்கைக்கு 25 மார்க். அதில் எழுத்துப் பகுப்பாய்வுக்கு மட்டும் 8. இந்த அறிக்கைக்கு ஸ்டாண்டர்டு நிலையில் 25 விழுக்காடும் ஹையர் நிலையில் 20 விழுக்காடும் எடை. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ.யில் பள்ளி வளாகத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு முறை களப்பணி நடக்க வேண்டும், ஆனால் ஆசிரியர் மார்க் போடுவதில்லை. எழுத்துத் தேர்வில் 15 விழுக்காடு கேள்விகள் களப்பணி பற்றி வரும். அதற்கு அடுத்த ஏ லெவலில் நான்கு நாள் களம், சொந்த ஆய்வுக்கு 20 விழுக்காடு.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எந்த வாரியமும் அட்டைக்கு மார்க் வைக்கவில்லை. அந்தப் பழக்கம் பள்ளியில் வந்தது, பள்ளியே மாற்றலாம்.

ஒரே இடம், எல்லா வகுப்புக்கும்

ஒவ்வொரு வகுப்பையும் வெவ்வேறு ஊருக்கு பஸ்ஸில் அழைத்துப் போக வேண்டியதில்லை. ஒரே இடத்துக்கு வெவ்வேறு வயதில் திரும்பிப் போவதில்தான் வளர்ச்சி தெரியும். இந்த வழிகாட்டியில் உதாரணமாக அல்சூர் ஏரியையும் அதைச் சுற்றிய தெருக்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மெட்ரோ நிலையம் நடக்கும் தூரம். 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலையும், அண்ணாசாமி முதலியார் சாலையிலுள்ள தமிழ்ச் சங்கமும் குழந்தைகள் சட்டென அடையாளம் காணும் குறிகள். பழைய குடியிருப்பு, கடைத்தெரு, பூங்கா, நீர்நிலை எல்லாம் சிறிய வட்டத்துக்குள் கிடைக்கின்றன. ஏரியில் மிஞ்சும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. பெங்களூர் தமிழ்க் குழந்தைக்கு அந்த ஒரு தகவல் போதும், நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்ன என்று வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

பாறையும் சரிவும் பார்க்க லால்பாக் குன்று. தீபகற்ப நைஸ் என்னும் மிகப் பழைய பாறை, சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

போகும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை நேரம். ஏப்ரல், மே மாலைகளில் இடி மழை வரும். செப்டம்பர், அக்டோபரில் தாளெல்லாம் நனையும். மழைநீர் வடிகாலான ராஜகால்வாய்க்குள் எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் ஆற்றில் முழங்கால் அளவு நீரில் நின்று வேகம் அளக்கும் படங்கள் இருக்கும். நம் கால்வாயில் ஓடுவது கழிவு நீர். அதற்குப் பதிலாக மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை அளக்கலாம். விவரம் கீழே.

களக் குறிப்பேடு: மதிப்பீட்டின் ஆதாரம்

எந்த வகுப்பாக இருந்தாலும் இதுதான் மையம். 40 பக்க நோட்டு, கெட்டி அட்டை, நூலில் தொங்கும் பேனா. பென்சில் படம் வரைய மட்டும், எண்கள் பேனாவில். ரப்பர் கிடையாது. தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதட்டும். அடித்தது தெரிய வேண்டும், ஏனென்றால் மாணவர் தன்னைத் தானே திருத்திக்கொண்டதற்கு அதுதான் சாட்சி.

ஒவ்வொரு பக்கத்தின் தலையில் நாள், தொடங்கிய நேரம், இடம், வானிலை, கூட இருந்தவர் பெயர். களத்தை விட்டுக் கிளம்புமுன் ஆசிரியர் கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்துக் கையெழுத்துப் போடுங்கள். இதற்கு ஒரு நோட்டுக்கு அரை நிமிடம் போதும். வீட்டில் போய் "நல்ல" எண்கள் சேர்க்கும் வழி அதோடு அடைபடும்.

அழகாக எழுதிய பிரதியை மதிப்பீட்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள். மண் ஒட்டிய மூலப் பிரதிதான் வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வரை: எண் மார்க் வேண்டாம்

2023-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இதை ஆயத்த நிலை என்கிறது. இங்கே மார்க் போட்டால் பெற்றோர் படம் வரையத் தொடங்குவார்கள். மூன்று நிலைக் குறியீடு போதும்: தானாகச் செய்தார், கேட்டதும் செய்தார், உதவியோடு செய்தார். பார்க்க வேண்டியவை நான்கு.

1. காலை வெயிலில் நின்று கிழக்கைக் காட்டுகிறதா, அதிலிருந்து மற்ற மூன்று திசையையும் சொல்கிறதா.
2. சிலையிலிருந்து தொடங்கி 200 மீட்டர் நடக்கையில் பார்த்த ஐந்து அடையாளங்களை வரிசை மாறாமல் வரைபடத்தில் வைக்கிறதா. தூரம் சரியாக இருக்க வேண்டியதில்லை. வரிசையும் இடம் வலமும் சரியாக இருக்க வேண்டும்.
3. குறியீட்டுக்கு விளக்கம் எழுதுகிறதா. மரத்துக்கு ஒரு குறி என்றால் எல்லா மரத்துக்கும் அதே குறியா?
4. திரும்பி வரும்போது தாளைத் திருப்பி, போகும் திசைக்கு ஒத்துப் பிடிக்கிறதா. நான்கில் அருமையானது இதுதான். எட்டாம் வகுப்பிலும் பலருக்கு வராது. ஐந்தாம் வகுப்புக் குழந்தை செய்தால் நோட்டில் எழுதி வையுங்கள்.

பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவர். பட்டியல் தாளை அந்தப் பெரியவர் கையில் கொடுத்து, நடக்கும்போதே குறிக்கச் சொல்லுங்கள். பள்ளிக்குத் திரும்பிய பிறகு நினைவிலிருந்து நிரப்பினால் சத்தம் போட்டுப் பேசும் குழந்தைகள் எல்லாவற்றிலும் முதல் நிலை வாங்கிவிடுவார்கள்.

தமிழ், கன்னடம், ஆங்கிலம், எந்த மொழியில் பெயர் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையைத் தொட வேண்டாம். படத்தில் வாத்துக்கு வண்ணம் தீட்டியதற்குப் பாராட்டுச் சொல்லலாம், ஆனால் அது இந்த நான்கில் சேராது.

ஆறு முதல் எட்டு வரை: அளக்கும் கை

கேள்வியும் முறையும் ஆசிரியருடையவை. அளப்பது மாணவர். ஆகவே பெரும்பகுதி மார்க் அளவீட்டுக்கும் பதிவுக்கும் போகட்டும்: 20-இல் அளவீடு 7, குறிப்பேடு 6, வரைபடம் 4, களத்திலேயே நடக்கும் வாய்மொழிக் கேள்வி 3.

*நடையளவு.* 30 மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு. ஒவ்வொருவரும் இயல்பான நடையில் மூன்று முறை நடக்கட்டும். 41, 43, 42 அடி என்றால் சராசரி 42. ஓர் அடி 30 ÷ 42, அதாவது சுமார் 0.71 மீட்டர். பிறகு ஆசிரியர் முன்பே அளந்து வைத்த, மாணவருக்கு நீளம் தெரியாத ஒரு தூரத்தை நடையால் அளக்கச் சொல்லுங்கள். பிழை 5 விழுக்காட்டுக்குள் என்றால் 3 மார்க், 10-க்குள் 2, 20-க்குள் 1. வழக்கமாகக் கெடுவது எங்கே என்றால், பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நீட்டி நீட்டி நடப்பார்கள். மூன்று முறையில் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே போனால் அதுதான் நடக்கிறது. நான்காவது முறை, பேசிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.

*திசைகாட்டி.* மூன்று அடையாளங்களின் கோணத்தை ஆசிரியர் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். 5 பாகைக்குள் வந்தால் முழு மார்க். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்குமான வேறுபாடு பெங்களூரில் மிகச் சிறியது, இந்த வேலைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஆனால் இரும்பு வேலி, நிறுத்திய வண்டி, சட்டைப் பையிலுள்ள போன் ஆகியவை முள்ளைத் திருப்பிவிடும். வேலியிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சரிபார்க்கும் வழி பின்கோணம்: இங்கிருந்து அங்கே 64 பாகை என்றால், அங்கிருந்து இங்கே 244 வர வேண்டும். 251 வந்தால் இரண்டில் ஒரு முனையில் இரும்பு இருக்கிறது. பின்கோணம் எடுக்கச் சொல்லாமலே எடுத்த மாணவருக்கு ஒரு மார்க் தாராளமாகக் கொடுங்கள்.

அளந்ததை இன்னொரு வழியில் அளந்து பார்ப்பது இந்த ஊரின் மண்ணிலேயே ஊறிய பழக்கம். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1800-இல் பெங்களூரில் ஓர் அடிக்கோட்டை, அதாவது மற்றத் தூரங்களைக் கணக்கிட அடிப்படையாகும் நேர்கோட்டை, அளந்தார். 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அளந்த அடிக்கோட்டிலிருந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவை தொடங்கியது. அது பெங்களூர் வரை வந்தபோது, கணக்கில் வந்த நீளம் தரையில் சங்கிலியால் அளந்ததோடு பொருந்துகிறதா என்று இங்கேதான் சோதித்தார்கள். எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுப் பின்கோணம் எடுக்கச் சொன்னால் பிள்ளைகள் முகம் வேறாக இருக்கும்.

*நிலப் பயன்பாடு.* 300 மீட்டர் தெரு. அடிப்படை வரைபடத்தை ஆசிரியரே அச்சிட்டுக் கொடுக்கவும். 1:50,000 ஷீட் இதற்கு உதவாது. அதில் 300 மீட்டர் ஆறு மில்லிமீட்டர்தான் வரும். 1:2,000 அளவு, அதாவது ஒரு செ.மீ.க்கு 20 மீட்டர் என்றால் தெரு 15 செ.மீ. வரும், ஏ4 தாளில் வசதியாக அடங்கும். அச்சிட்டதும் அளவுகோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். தாளுக்குப் பொருத்து என்ற அமைப்போடு அச்சானால் அளவு சுருங்கியிருக்கும். வகுப்பு முழுவதும் தவறான தூரத்தோடு வரும், குற்றம் மாணவர்மேல் விழும்.

ஒவ்வொரு கட்டடத்தின் தரைத்தளத்துக்கும் ஒரு குறி: வீடு, கடை, உணவு, பட்டறை, அலுவலகம், வழிபாடு, வெற்றிடம். முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருந்தால் என்ன குறி? இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். மாணவர் ஒரு விதி வகுத்து, நோட்டில் எழுதி, தெருவின் கடைசி வரை அதே விதியைப் பின்பற்றினாரா என்று பாருங்கள். அவர் கைக்கு வரும் முதல் ஆய்வு முடிவு இது. விதி எது என்பதற்கு மார்க் இல்லை. ஒரே விதியாக நின்றதற்கு மார்க்.

வாய்மொழிக் கேள்வி ஒரு நிமிடம்: "இந்தத் தாளில் நீ நிற்கும் இடத்தைத் தொட்டுக் காட்டு. இந்த எண் எப்படி வந்தது? மறுபடி செய்து காட்டு."

ஒன்பது, பத்து: மாதிரி யார் கையில்

தலைப்பு ஆசிரியருடையது. எந்த இடங்கள், எந்த நேரம், எத்தனை முறை என்பது மாணவருடையது. களப்பணி ஆய்வாக மாறுவது இந்த இரண்டு ஆண்டில்தான். பள்ளிகள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். 20-இல் மாதிரித் தேர்வும் (எந்த இடம், எத்தனை என்று தேர்ந்தெடுப்பது) காரணமும் 5, தரவு 5, வரைபடமும் அதைத் தேர்ந்த காரணமும் 4, விளக்கம் 4, குறை உணர்தல் 2. வாரியத்துக்கு 5 மார்க் மட்டும் அனுப்ப வேண்டியிருந்தாலும் 20-க்குப் போட்டு நான்கால் வகுங்கள். நேரடியாக 5-க்குப் போட்டால் எல்லோரும் 4 வாங்குவார்கள்.

மண்ணில் நீர் இறங்கும் வேகம் நல்ல சோதனை, செலவும் இல்லை. 10 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பா, இரண்டு பக்கமும் வெட்டியது, ஓரம் கையைக் கிழிக்காமல் தட்டி மழுங்க வைத்தது. 5 செ.மீ. மண்ணுக்குள் இறங்கும்படி மரக்கட்டை வைத்து அடிக்க வேண்டும். 400 மி.லி. ஊற்றினால் உள்ளே சுமார் 51 மி.மீ. உயரம் நிற்கும். முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவதைக் கடிகாரம் வைத்து அளக்கவும். 6 நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 510 மி.மீ. மிதிபட்ட பாதையில் அரை மணி நேரமானாலும் இறங்காது. ஆகவே 20 நிமிடத்தில் நிறுத்தி மீதி உயரத்தை ஸ்கேலால் அளந்து கணக்கிடும் விதியை முன்பே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூங்காவிலும் மைதானத்திலும் அனுமதி வாங்கி, குழியை மூடிவிட்டு வர வேண்டும்.

தவறு நேரும் இடங்கள்: டப்பா ஆழமாக இறங்கவில்லை, நீர் பக்கவாட்டில் கசிகிறது, வேகம் பொய்யாகக் கூடுகிறது. நனைக்கும் ஊற்றை ஓரிடத்தில் செய்து இன்னோரிடத்தில் விட்டுவிடுகிறார்கள். புல்வெளியில் ஒரே ஒரு சோதனை, பாதையில் ஒரே ஒரு சோதனை என்று முடித்து "புல்வெளியே சிறந்தது" என்று எழுதுகிறார்கள். வகைக்கு மூன்று இடமாவது இல்லாமல் ஒப்பிட முடியாது. இதை உணர்ந்து மூன்று இடம் எடுத்தவருக்குத்தான் மாதிரித் தேர்வின் மார்க். சில மணி நேர மழைக்கே இந்த நகரத்தில் தெரு ஏன் ஆறாகிறது என்பதை விளக்க மாணவருக்குத் தன் கையால் எடுத்த மூன்று எண் இருக்கும்போது, அவர் எழுதும் பத்தியின் தரமே மாறிவிடும்.

கேள்வித்தாள் வைத்தால் எட்டுக் கேள்விக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் தேர்ந்தெடுத்துச் சொல்லும் வகை. பெயர், போன் நம்பர், வருமானம் கேட்கக் கூடாது. முதலில் ஐந்து பேரிடம் முன்னோட்டம். அல்சூரில் ஒருவர் தமிழில் பேசுவார், அடுத்தவர் கன்னடத்தில், அதற்கடுத்தவர் உருதுவில். கேள்விகளை எல்லா மொழியிலும் முன்பே ஒரே மாதிரி எழுதி வைத்து வாசிக்க வேண்டும்; அங்கேயே நின்று மனம்போன போக்கில் மாற்றிக் கேட்டால் விடைகளைக் கூட்ட முடியாது. முப்பது பேர் போதும், ஆனால் தேர்ந்தெடுக்கும் விதி வேண்டும்: நம்மைக் கடந்து போகும் ஒவ்வொரு ஐந்தாவது ஆளும். மறுத்தவர்களையும் எண்ணி எழுத வேண்டும். விதி இல்லாவிட்டால் பிள்ளைகள் சிரித்த முகத்தோடு வரும் தமிழ் பேசும் அத்தைகளிடம் மட்டும் போவார்கள். அது இயல்பு, ஆனால் அது அல்சூர் அல்ல.

இட்டுக்கட்டிய தரவைக் கண்டுபிடிக்க: எல்லா எண்ணும் 0 அல்லது 5-இல் முடியும். மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. ஓர் அடித்தலும் இல்லை. முப்பது விடைக்கும் ஒரே நேரம். சந்தேகம் வந்தால் குற்றம் சாட்டாதீர்கள். "ஏழாவது ஆள் எப்படி இருந்தார், எங்கே நின்று பேசினீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையாகப் பேசியவர் உடனே சொல்வார். சொல்ல முடியாதவருக்கு அந்தப் பகுதிக்கு மார்க் போடாமல், மறுபடி பத்துப் பேரிடம் கேட்டு வர ஒரு வாரம் கொடுங்கள்.

வாகனக் கணக்கெடுப்பில் இருவரை ஒரே இடத்தில், ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் ஐந்து நிமிடம் எண்ண வையுங்கள். வேறுபாடு 10 விழுக்காட்டுக்கு மேல் போனால் இரண்டு திசையும் கலந்துவிட்டது, அல்லது ஆட்டோவை ஒருவர் காரோடு சேர்த்துவிட்டார். வேறுபாட்டைத் தாங்களே கண்டுபிடித்துக் காரணம் எழுதியவர்களுக்கு மார்க் குறையக் கூடாது.

பிளஸ் ஒன், பிளஸ் டூ: கேள்வியே மாணவருடையது

இங்கே ஆசிரியர் செய்ய வேண்டிய ஒரே பெரிய வேலை, களத்துக்குப் போகுமுன் கேள்வியை வடிகட்டுவது. "பெங்களூரின் போக்குவரத்து நெரிசல்" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "மெட்ரோ நிலையத்துக்கு அருகில் கடை வாடகை கூடுதலா?" என்பது கேள்விதான், ஆனால் வாடகையை யாரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். "அல்சூர் மெட்ரோ வாசலிலிருந்து 500 மீட்டர் வரை, தூரம் கூடக்கூட நடப்போர் எண்ணிக்கை குறைகிறதா?" இது நிற்கும். அளக்கலாம், ஒரு காலையில் முடியும், 50 மீட்டருக்கு ஒன்றாகப் பத்து இடம் கிடைக்கும், பாடத்திலுள்ள தூரத் தேய்வுக் கருத்தோடு சேரும்.

மார்க் 40 என்று வைத்தால்: கேள்வி 6, மாதிரியும் முறையும் 8, தரவு 8, பகுப்பாய்வு 10, ஆய்வின் மீதான விமர்சனம் 8. கடைசிக்கு எட்டா என்று கேட்கலாம். தன் தரவின் பலவீனத்தைத் தானே எடுத்துச் சொல்பவர்தான் இந்த வயதில் அடுத்த படிக்குப் போகிறார். அதனால் அந்த எட்டு.

முறையில் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று. ஒரே மாணவர் முதல் இடத்திலிருந்து பத்தாவது வரை ஐந்தைந்து நிமிடம் எண்ணிக்கொண்டு போனால், கடைசி இடத்துக்கு வரும்போது ஒரு மணி நேரம் கடந்திருக்கும். அலுவலக நேரக் கூட்டம் வடிந்திருக்கும். எண்ணிக்கை குறைந்தது தூரத்தாலா, நேரத்தாலா? பிரித்துச் சொல்ல முடியாது. தீர்வு: 1-இலிருந்து 10 வரை ஒருமுறை, உடனே 10-இலிருந்து 1 வரை திரும்பி ஒருமுறை, இரண்டின் சராசரி. அப்போது எல்லா இடத்துக்கும் சராசரி நேரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இதை மாணவரே யோசித்துச் செய்திருந்தால் முறைக்கான எட்டில் ஏழுக்குக் கீழே போகாதீர்கள்.

பகுப்பாய்வுக்கு ஸ்பியர்மன் தரவரிசை ஒட்டுறவுக் கெழு போதுமானது. இரண்டு தரவரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை −1 முதல் +1 வரை காட்டும் எண் அது. பத்து இடத்துக்கு கீழ்த்தொகை 10 × 99 = 990. தர வேறுபாட்டு வர்க்கங்களின் கூட்டல் 282 வந்தால், 6 × 282 ÷ 990 = 1.709, கெழு 1 − 1.709 = −0.709. பத்து இணைக்கு 5 விழுக்காட்டு நிலையில் இருபக்கச் சோதனையின் எல்லை 0.648. குறியை விட்டுப் பார்த்தால் 0.709 அதைத் தாண்டுகிறது, ஆகவே தற்செயல் என்று ஒதுக்க முடியாத உறவு. இதுவரை செய்தவருக்குப் பத்தில் ஐந்து. "எனவே மெட்ரோதான் காரணம்" என்று நிறுத்தினால் அதற்கு மேல் ஏறாது. 350 மீட்டரில் எண்ணிக்கை ஏன் திடீரென ஏறியது, அங்கே பஸ் நிறுத்தம் இருக்கிறதா, பள்ளி இருக்கிறதா என்று வரைபடத்தை வைத்து வாதிட்டவருக்கு மீதி ஐந்து. கெழு சிறியதாக வந்து, உறவு இல்லை என்று நேர்மையாக எழுதியவருக்கும் அதே வாய்ப்பு உண்டு என்று களத்துக்குப் போகுமுன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எண்கள் வளைக்கப்படும்.

விமர்சனப் பகுதியில் "நேரம் போதவில்லை, இன்னும் அதிகத் தரவு எடுத்திருக்கலாம்" என்ற வாக்கியத்துக்கு மார்க் கிடையாது. எந்த ஆய்வுக்கும் பொருந்தும் வாக்கியம் அது. "நான்காவது இடத்தில் எண்ணும்போது ஒரு பஸ் வந்து நின்றது, அதில் இறங்கியவர்களால் அந்த இடத்தின் தரவரிசை எண் ஆறிலிருந்து மூன்றானது, அதை நீக்கிக் கணக்கிட்டால் கெழு இவ்வளவு மாறுகிறது" என்று எழுதினால் முழு மார்க்.

ஐ.பி., ஏ லெவல் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தரவைக் குழுவாகத் திரட்டலாம், ஆனால் எழுத்து ஒவ்வொருவருடையதாக இருக்க வேண்டும். ஆசிரியர் வரி வரியாகத் திருத்திக் கொடுப்பது விதிமீறல். எந்தக் கட்டத்தில் எவ்வளவு வழிகாட்டலாம் என்பதை அந்தந்த ஆண்டின் வாரிய ஆவணத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

குழுவில் தனி ஆளுக்கு மார்க்

நான்கு பேருக்கு மேல் குழு வேண்டாம். தரவு மார்க் மட்டும் குழுவுக்குப் பொது, மற்றதெல்லாம் தனி. ஒவ்வொருவருக்கும் தனிக் குறிப்பேடு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள்: அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர், பாதுகாப்பைக் கவனிப்பவர். யார் எப்போது எதைச் செய்தார் என்பதை எழுதுபவர் நோட்டில் குறிக்கட்டும். மூன்று நிமிட வைவாவில், மாணவர் அளக்காத ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். குழுவில் என்ன நடந்தது என்று கவனித்தாரா என்பது தெரியும்.

மார்க் ஒத்துப்போக

முழு வகுப்பையும் திருத்துமுன் ஐந்து நோட்டை எடுங்கள்: ஒன்று மிக நல்லது, ஒன்று மிகப் பலவீனமானது, மூன்று நடுத்தரம். இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாக, ஒருவர் மார்க்கை மற்றவர் பார்க்காமல் போடவும். 20-க்கு இரண்டு மார்க்குக்கு மேல் வேறுபட்டால் அந்த நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் பேசுங்கள். பெரும்பாலும் வேறுபாடு கையெழுத்தால் வந்திருக்கும். பேசி முடிவானதை, எதற்கு எத்தனை மார்க் என்று எழுதிய அளவுகோல் தாளின் ஓரத்திலேயே எழுதிவிட்டு மீதியைத் திருத்துங்கள்.

அளவுகோல் தாளை மாணவருக்கும் பெற்றோருக்கும் களத்துக்குப் போகும் முந்திய வாரமே கொடுங்கள். ஃபைல் அட்டைக்கும் படத்துக்கும் மார்க் இல்லை என்ற வரி முதலில் இருக்கட்டும்; வீட்டில் செலவும் மிஞ்சும், அம்மா அப்பா இரவில் விழித்திருக்கவும் வேண்டாம்.

திருத்திய நோட்டை இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள், மூலத் தரவுப் பக்கங்களை மட்டும் படமெடுத்து இடம், நாள், வகுப்பு என்று பெயரிட்டுச் சேமித்து வையுங்கள். மாணவர் பெயர் அதில் வேண்டாம். அடுத்த ஆண்டு வரும் ஒன்பதாம் வகுப்புக்கு அதே தெரு, அதே பத்து இடம், அதே டப்பா வைத்த புல்வெளியின் பழைய எண்களைக் கொடுத்தால், அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாம் நிலைத் தரவு முதல் நாளிலிருந்தே கையில் இருக்கும்.